பெரினாவின் வலது கை

பெரினா டால்மேஷியக் கடலோரத்தில் சிப்பி வளர்த்துப் பிழைப்பவள். வயது ஐம்பத்து நான்கு. பதினோரு வருடமாக அவளுக்குள் ஓடுவது அண்ணன் லுக்ஷா கொடுத்த சிறுநீரகம். உடம்பு அதை வேற்றாள் என்று விரட்டாமலிருக்கத் தினமும் மாத்திரை. அந்த மாத்திரை உடம்பின் எதிர்ப்புச் சக்தியையே அடக்கி வைத்துவிடும்.

மார்ச்சில் சிப்பி ஓடு வலது கை நடுவிரலைக் கீறியது. கீறல் கட்டியாகி, கட்டிகள் மணிக்கட்டு, முழங்கை என்று ஏறின. ஊர் டாக்டர் முதலில் ஒவ்வாமை என்றார், அப்புறம் மூட்டுவாதம் என்றார். மூன்று தடவை களிம்பை மாற்றினார்.

"டாக்டர், எனக்கு மாத்துன கிட்னி. அதையும் யோசிங்க."

"கிட்னிக்கும் கைக்கும் என்னம்மா சம்பந்தம்?"

ஏழு மாதம் போனது. நடுவிரல் மடங்கவே இல்லை. லுக்ஷா காரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினான்.

"ஏறுடி. என் கிட்னிய இனி இந்த ஆளை நம்பி விடமாட்டேன்."

நகரத்துத் தோல் மருத்துவர் கட்டியிலிருந்து துளி சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்தது: தண்ணீரில் வாழும் கிருமி, காசநோய்க் கிருமிக்கு உறவு. அன்றே அவர் பெரினாவின் தலைமுடியை ஒதுக்கிக் காதைப் பார்த்தார்.

"இந்தப் பொருக்கு எத்தனை நாளா இருக்கு?"

"ரெண்டு வருஷமா. வெயில்ல கருகினது."

அது தோல் புற்றுநோய்.

சிறுநீரக மருத்துவரின் அறையில் பெரினா உட்காரவே இல்லை.

"மூணு மாசத்துக்கு ஒருக்கா ரத்தம் எடுத்தீங்களே, பதினோரு வருஷம்! இந்த மாத்திரை திங்கறவளுக்குப் புத்துநோய் சீக்கிரம் வரும், தொப்பி போடுன்னு ஒரு ஆளு சொல்லலையே?"

"ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்கு அனுப்பறப்ப கொடுத்த தாள்ல எழுதியிருக்கு."

"வலியில நெளிஞ்சுகிட்டு இருந்தப்ப குடுத்த தாளா? படகுலயே கெடக்கறவள்னு தெரியும்ல? வாய் எதுக்கு இருக்கு உங்களுக்கு?"

அவர் பேனாவைக் கீழே வைத்தார். பிறகு, "தப்புதான்" என்றார். அவளுக்கு அது போதவில்லை.

காதின் மேல்பாதியை வெட்டி எடுத்தார்கள். புற்றுநோய் பரவியிருக்கவில்லை. கிருமிக்கு ஒன்பது மாதம் மருந்து. அது சிறுநீரக மாத்திரையோடு மோதியதால் அடிக்கடி ரத்தப் பரிசோதனை. கட்டிகள் அமுங்கின. விரல் மட்டும் விறைத்தபடியே நின்றுவிட்டது.

மருந்து முடிந்த மறுநாள் ஊர் டாக்டரின் மேசையில் சோதனை அறிக்கையைப் போட்டாள்.

"படிங்க. சத்தமா."

படித்தார். தாளை மடித்து வைத்துவிட்டுக் கேட்டார்.

"இப்ப கை எப்படிம்மா இருக்கு?"

பெரினா கையை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"ஏழு மாசம் மேசைக்கு அந்தாண்டயே உக்காந்து பாத்தீங்க. இப்பவாவது தொட்டுப் பாருங்க."