சாமினி எண்ணச் சொன்ன வேலி

சாமினியைப் பற்றி நல்லதாக எழுத உட்கார்ந்தால் முதலில் எனக்குக் கோபம்தான் வருகிறது. அவ்வளவு பிடிவாதக்காரி. கொழும்பில், வெள்ளவத்தையில் ஒரு ஃபிளாட்டின் நாலாம் மாடியில் வளர்ந்தவள். வீட்டில் இருந்த ஒரே செடி மணிப்பிளான்ற். அவள்தான் பம்பலப்பிட்டியில் எங்கள் மரக் கணக்கெடுப்புக் கந்தோரில் இருந்துகொண்டு, மழை குறைந்த உலர் வலயத்துக்குக் கணினி மொடல் செய்தாள். சில காணிகளில் நாங்கள் எண்ணிய மரங்களையும் வானிலிருந்து எடுத்த செய்மதிப் படங்களையும் வைத்து, எண்ணாத காணிகளில் எத்தனை வகை மரம் நிற்கும் என்று அது கணிக்கும்.

மொடல் தடுமாறும் இடங்களைத்தான் எல்லோரும் சரிபார்ப்பார்கள். இவள் அது அடித்துச் சொல்லும் இடங்களுக்குப் போன் எடுப்பாள். அப்படித்தான், 'மரமே இல்லை' என்று மொடல் சொன்ன வவுனியாக் காணிக்காரி மயிலம்மாவைப் பிடித்தாள்.

"மரமில்லையோ? ஆர் பிள்ளை உங்களுக்குச் சொன்னது? வேலியில கிளுவை, பூவரசு, முள்முருக்கு எல்லாம் நிக்குது. ஆட்டுக்குக் குழை வெட்டுறதால மெல்லிசா நிக்குது, அவ்வளவுதான்."

பத்துச் சென்ரிமீற்றரை விட மெல்லிய தண்டை மரமாக எண்ணக் கூடாது என்பது எங்கள் விதி. எழுதியவன் நான், கொட்டாஞ்சேனை யேசுரட்ணம். வேலிகள் முழுக்க விடுபட்டுப்போயிருந்தன. மரவகை குறைந்த காணிகளில் வேலியைப் பிடுங்கித் தேக்கு நடுவதென்று நிதி தருபவர்கள் முடிவுசெய்திருந்தார்கள். எந்தக் காணி அப்படி என்று மொடல் காட்டும் வரைபடம் வெள்ளிக்கிழமை அவர்களிடம் போகவேண்டும். பிந்தினால் எங்களுக்கு வரும் காசு நின்றுவிடும். ஒப்பந்தத்தில் இருந்த சாமினியின் வேலைதான் முதலில் போகும்.

"பேசாமல் அனுப்பும் பிள்ளை. உமக்கென்ன விசரோ?" என்று கத்தினேன்.

"பிழையெண்டு தெரிஞ்சுகொண்டு எப்பிடியண்ணை அனுப்புறது?"

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில், வேலிகளை எண்ணும்வரை வரைபடம் தரமுடியாது என்றாள். அந்த விதியை எழுதியது யார் என்று தலைவர் கேட்டார். என் பெயரைச் சொல்லியிருந்தால் தப்பியிருப்பாள். "எங்கட பிழை, சேர்" என்றாள். ஐயோ, வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது. எழுந்து, "என்ர பிழை. இருபது வருசமா என்ர பிழை" என்றேன்.

தேக்குத் திட்டத்தை நிறுத்திவைத்தார்கள். வேலி எண்ண மூன்று மாதம் கிடைத்தது. அவளுடைய வேலையும் தப்பியது. நன்றி சொல்ல வாசலுக்குப் போனேன். அவள் போனைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு வவுனியா பஸ்ஸில ரெண்டு சீற் போட்டாச்சு அண்ணை. நீங்களும் வாறீங்கள்."