பன்னிரண்டாவது குழி

கோழியைத் தொடாமலே கோழி நோயில் நிபுணர் ஆகலாம். என் பேராசிரியர் ஆனார். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த வருடங்களில் புதுச்சேரியில் அவரிடம் ஆராய்ச்சி மாணவியாக இருந்தேன். கோழியைக் கொல்லும் கிருமிக்கு அந்தக் கொடூரத்தைக் கொடுக்கிற மரபணுக்கள் எவை என்பதுதான் எங்கள் தலைப்பு.

தவளக்குப்பத்தில் ஒரு அக்கா கொட்டகை போட்டுக் கறிக்கோழி வளர்த்தார். இரண்டு பேட்ச் குஞ்சுகள் அடுத்தடுத்துச் செத்திருந்தன. எங்கள் மகானுபாவர் மூக்கில் கைக்குட்டையோடு வாசலிலேயே நின்றுகொண்டார். செத்த குஞ்சுகளை அறுத்து மாதிரி எடுத்தது நான்தான்.

"எனக்கு ஒண்ணுதான் தெரியணும் சார். நோவு குஞ்சோட வந்துச்சா, என் கெணத்துத் தண்ணியிலயா? குஞ்சு குடுத்த ஆளு கெணத்ததான் சொல்றான். வீட்டுக்கும் அதான் குடிதண்ணி. கெட்டதுன்னா மண்ணக் கொட்டி மூடிடுவேன்."

"பாத்துச் சொல்றோம்மா" என்றார். நான் ஒரு புட்டியில் கிணற்று நீரும் பிடித்துக்கொண்டேன்.

மரபணுத் துண்டுகளை ஓடவிட்டுப் பார்க்கும் ஜெல்லில் பன்னிரண்டு குழிகள். குஞ்சுகளின் மாதிரிகளிலேயே பதினொன்று நிரம்பின; கிருமியின் மரபணு இருந்தால் அந்தக் குழிக்கு நேரே கோடு விழும். கடைசிக் குழியில் கிணற்று மாதிரியை விடப் போனேன்.

"ஏம்மா, கெணறு நம்ம தலைப்புலயா இருக்கு? ஓரம் காலியா இருந்தாதான் போட்டோ பளிச்சுன்னு இருக்கும்."

பளிச்சென்றுதான் இருந்தது. கொட்டகைக்கு வந்த அன்றே, கிணற்று நீர் வாயில் படுமுன் செத்த குஞ்சுகளில்கூட அந்த மரபணுக்கள் கோடு கோடாக விழுந்திருந்தன. படத்தைச் சட்டம் போட்டு மாட்டினார். ஊர் ஊராகப் போய்ப் பேசினார், சால்வை வாங்கினார். அந்த அக்காவுக்கு ஒரு வார்த்தை? ம்ஹூம்.

"அதெல்லாம் கோழிக்காரங்களுக்குப் புரியாதும்மா."

தூ! வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு நின்ற என்னையும் சேர்த்துத்தான் துப்புகிறேன். என் பட்டம் அவர் கையெழுத்தில் இருந்ததே.

நாலு மாதம் கழித்து, அவர் ஏதோ மாநாட்டுக்குப் போன வாரத்தில், ஃப்ரீசரில் கிடந்த கிணற்று மாதிரியை எடுத்து ஓட்டினேன். பக்கத்துக் குழியில் குஞ்சின் மாதிரி கோடு காட்டியது. கிணற்றுடையதில் ஒன்றுமே இல்லை. அடுத்த பஸ்ஸிலேயே ஓடினேன்.

கொட்டகை காலி. கிணறு இருந்த இடத்தில் உடைந்த செங்கல்லும் மண்ணும் மேடாகக் கிடந்தன.

"கெணத்துல ஒண்ணும் இல்லக்கா. நோவு குஞ்சோடதான் வந்திருக்கு."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருக்கலாம். உள்ளே போய் ஒரு சொம்போடு வந்தார்.

"வெயில்ல வந்திருக்க. காசு குடுத்து வாங்குன தண்ணிதான், பயப்படாம குடி."