ராணி பேசாமல் நின்ற இடம்

பேரனின் புதுச் செருப்பில் ரப்பர் வாசம் அடித்ததும், இன்று செம்பனை மரங்கள் நிற்கிற, மலேசியாவில் எங்கள் பழைய கோத்தா திங்கி ரப்பர் தோட்டத்தின் பள்ளிக்கூடத்துக்குள் நினைவில் போய்விட்டேன். தகரக் கூரையில் மழை தாளம் போடும், பாடப் புத்தகத்துப் பழைய நாடகத்தில் ராஜாவாக வாசிக்கும் தோழி, வேலையாட்களை விரட்டும் கங்காணி குரலில் அதட்டுவாள், நான் ராணி. "ராணி எந்த இடத்துல ஜெயிக்கிறா?" என்பார் வாத்தியார். ராணி சொல்லும் உவமையைக் காட்டுவோம்.

"இல்லம்மா, கேள்வி கேட்டுட்டுப் பேசாம நிக்கிறா பாரு, அங்கதான்," என்பார் அவர்.

அம்மா படுத்த படுக்கையானதும், "நாளையிலேருந்து அவளுக்குப் பதிலா தோட்டத்துல புல்லு வெட்ட வா," என்றார் அப்பா.

"அப்ப என் படிப்புப்பா?"

கேட்டுவிட்டுப் பேசாமல் நின்றேன். அப்பாவும் பேசாமல் நின்றார்.

மறுநாள் மண்வெட்டியோடு பள்ளிக்கூடத்தைத் தாண்டும்போது, உள்ளே வேறொருத்தி ராணியாக வாசித்துக்கொண்டிருந்தாள். கேள்வி கேட்ட அந்த இடத்தில் அவள் நிறுத்தவே இல்லை. நான்தான் நின்றேன்.