நான் வேவு பார்த்த இரண்டு வருஷம்

போடி கடைவீதியில் எங்கள் தையல் கடைக்கு அந்தப் பையன் வந்தபோது அவனுக்குப் பதினாறு வயது. ஏதோ திருட்டு வழக்கில் பிடிபட்டுச் சீர்திருத்தப் பள்ளியில் இருந்தவன். அங்கேயே தையல் கற்றுக்கொடுத்து, மிச்சத் தண்டனைக் காலத்துக்கு எங்கள் வீட்டிலேயே தங்கி வேலை பார்க்க அனுப்பியிருந்தார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் இப்படி ஓர் ஏற்பாடு இருந்தது.

முதல் நாளே எனக்கு அவனைப் பிடிக்கவில்லை. ஏவினால் ஓடுவான், திட்டினால் தலையைக் குனிந்துகொள்வான். இவ்வளவு அடக்கம் எதற்கு, உள்ளுக்குள் ஏதோ வைத்திருக்கிறான் என்றுதான் என் புத்தி போயிற்று. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கவனித்தேன். அவன் குளிக்கப் போனால் பாயை உதறிப் பார்ப்பேன். பீடி நாற்றம் அடிக்கிறதா என்று பக்கத்தில் போய் மோந்து பார்த்ததுகூட உண்டு. ஒருமுறை வேண்டுமென்றே அடுப்பங்கரை வாசலில் இரண்டு அச்சுவெல்லத்தை வைத்துவிட்டுக் கதவிடுக்கில் ஒளிந்து நின்றேன். எறும்புதான் தின்றது. அதற்கும் அவன் மேல்தான் கோபம் வந்தது. பயல் உஷாராகிவிட்டான் என்று நினைத்தேன்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை பள்ளியிலிருந்து ஒரு தாள் வரும். பையனின் நடத்தை எப்படி என்று எழுதி அனுப்ப வேண்டும். என் வீட்டுக்காரருக்கு எழுத்து அவ்வளவாக வராது. மிஷன் பள்ளியில் படித்த நான்தான் எழுதுவேன்.

"இன்னும் திருந்தலன்னு எழுது. நல்ல விதமா ஒரு வார்த்தை எழுதிராத," என்பார்.

எழுதினேன். மனசாரத்தான் எழுதினேன். அப்படி நான்கு தாள் போயிற்று. மலையில் ஏலத் தோட்டங்களுக்குப் போகிறவர்கள் அவன் தைக்கிற கோட்டுக்காகவே எங்கள் கடையைத் தேடி வந்தார்கள். அவர் அப்படி எழுதச் சொன்னதையும் இதையும் நான் சேர்த்து யோசிக்கவே இல்லை.

இரண்டு வருஷம் கழித்து, பள்ளி அதிகாரி நேரில் வந்தார். நான்கு தாளையும் தையல் மிஷின் மேல் பரப்பினார். "ஒரு தாள் நல்லபடியாக வந்திருந்தால்கூட இவனை விடுதலை செய்திருப்போம். இனி வழியில்லை. பள்ளிக்கே திரும்பக் கூட்டிப்போகிறேன்," என்றார்.

பையனுக்கு முகம் வெளுத்துவிட்டது. அவனை முந்திக்கொண்டு பதறியது என் வீட்டுக்காரர். "வேணாங்கய்யா! இன்னும் ஒரு வருசம் எங்கிட்டயே விடுங்க. நான் திருத்திர்றேன்."

அதிகாரி அவரை ஏற இறங்கப் பார்த்தார். "திருந்தாதவனை வைத்துக்கொள்ள இத்தனை ஆசையா?" என்றவர் என் பக்கம் திரும்பினார். "எழுத்து உங்களுடையதுதானே அம்மா? இவன் செய்த தப்பு ஒன்றே ஒன்று சொல்லுங்கள்."

இரண்டு வருஷத்தையும் மனதுக்குள் புரட்டிப் பார்த்தேன். ஒரு தப்பும் அகப்படவில்லை. இமை கொட்டாமல் பார்த்தவள் நான். ஒரு குண்டூசி காணாமல் போயிருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்கும். அவனுக்குச் சாட்சி சொல்ல என்னைவிடப் பொருத்தமான ஆள் இந்த ஊரில் கிடையாது.

"ஒண்ணுமில்லைங்க," என்றேன். "நான் எழுதுனது பூராம் பொய்."

வீட்டுக்காரர் என்னை எரித்துவிடுவது போல முறைத்தார். அதிகாரி புதுத் தாள் ஒன்றை நீட்டினார். உள்ளதை எழுதினேன். பையனுக்கு அன்றே விடுதலை.

துணி மூட்டையோடு வெளியே போகிறவன் என் எதிரில் நின்றான். "ஒரு தாள் நல்லபடியா போனா விட்ருவாகன்னு அய்யாவுக்குத் தெரியும். ஒங்களுக்கும் தெரிஞ்சுதான் எழுதுறீகன்னு நெனச்சேம்மா," என்றான்.

சத்தியமாகத் தெரியாது என்று சொல்ல வாயெடுத்தேன். தெரிந்திருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன் என்பது அப்போதுதான் உறைத்தது. விலகி வழி விட்டேன்.