நாலாவது ஆள்

அமெரிக்கர்களின் விமானதளத்தில் பொன்சியானோவுக்கு வேலை விமானம் கழுவுவது. நீளக் கம்பில் கட்டிய பிரஷ், ஒரு வாளி சோப்புத் தண்ணீர், முழங்கால் வரை சுருட்டிய கால்சட்டை. டகோட்டா, முஸ்டாங், பிறகு வந்த ஜெட்டுகள் எல்லாம் அவன் கையால் குளித்துப் போனவை. ஆனால் பம்பாங்கா மாகாணத்து ஏஞ்சலெஸ் ஊரில் யாரும் அவனை விமானம் கழுவுகிறவன் என்று சொல்லவில்லை. நாலாவது ஆள் என்றார்கள்.

காரணம் புகைப்படக்காரர் அம்போ. ஊருக்கு அவர் கோயா, அதாவது அண்ணன். தளத்து வாயிலுக்கு எதிரே அவர் கடை. பறந்து இறங்கும் வீரர்கள், வீட்டுக்கு அனுப்ப விமானத்தடியில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். மூன்று பேராக வந்தால் அம்போ கேமராவைத் தொடமாட்டார். மூவர் நிற்கும் படத்தில் நடுவில் இருப்பவன் உலகத்தை விட்டு முதலில் போய்விடுவான். பம்பாங்காவில் இது கைக்குழந்தைக்கும் தெரியும். அதிலும் பறக்கிறவனை வைத்துக்கொண்டு விஷப்பரீட்சை எதற்கு? “பொன்சியானோ, வாடா!” என்று கத்துவார். அவன் பிரஷோடு ஓடிவந்து ஓரத்தில் நிற்பான். அமெரிக்கர்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு அவர்களே அவனைத் தேட ஆரம்பித்தார்கள்.

அவன் சும்மா நிற்கிறவனும் இல்லை. ஒரு படத்தில் பிரஷைத் துப்பாக்கி மாதிரி தோளில் சாத்தியிருப்பான். இன்னொன்றில் ஒரு கண்ணை மூடியிருப்பான். ஒரு கர்னலுக்குப் பக்கத்தில் அவர் நிற்கிற மாதிரியே நின்றிருக்கிறான், தொப்பை உட்பட. டெக்ஸாஸிலும் ஒஹாயோவிலும் எத்தனையோ வீட்டுச் சுவர்களில் அவன் தொங்கிக்கொண்டிருந்தான். அந்த வீடுகளில் அவன் பெயர் ஒருவருக்கும் தெரியாது.

தெரியவேண்டிய வீடு ஒன்றுதான். லுதிவினாவின் வீடு.

லுதிவினாவும் அவள் தாய் சபெலும் வாயிலருகே பன்சித் கடை போட்டிருந்தார்கள். தளத்தில் வேலை செய்கிற பாதிப் பேர் வயிறு அந்த நூடுல்ஸில்தான் நிறைந்தது. சபெல் விதவை. ஊர்ப்பிள்ளைகள் எல்லாருக்கும் அவள் தாரா, அதாவது அத்தை. பொன்சியானோ அப்படிக் கூப்பிட்டால் மட்டும் அவளுக்கு அது வேறு மாதிரி கேட்கும்.

பெண் கேட்கிறவன் பெண்வீட்டுக்கு உழைத்துக் காட்டவேண்டும். அவன் ஒரு மழைக்காலமும் ஒரு வெயில்காலமும் தண்ணீர் சுமந்தான், விறகு பிளந்தான், கூரைக்குப் புது ஓலை போட்டான். சபெல் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். பதிலை மட்டும் கொடுக்கவில்லை.

“விறகு போதுமா தாரா?”

“விறகு போதும். தாரா வேண்டாம்.”

அடுப்புப் பக்கத்திலிருந்து லுதிவினா சிரிப்பது கேட்கும். அந்தச் சிரிப்புக்காக இன்னும் நாலு கட்டை பிளப்பான்.

போட்டிக்கு வந்தவன் எஸ்கொலாஸ்திகோ, தளத்துப் பண்டகசாலையில் குமாஸ்தா. பெயரைச் சுருக்கிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கமாட்டான். அவன் விறகு பிளக்கவில்லை. டின்னில் அடைத்த பீச் பழமும் மாட்டிறைச்சியும் கொண்டுவந்தான். சபெல் அவற்றைப் பிரிக்காமல் பூஜை மாடத்தில் குழந்தை இயேசுவுக்குப் பக்கத்தில் அடுக்கினாள். இது நல்லதுக்கில்லை என்று பொன்சியானோவுக்குத் தெரிந்தது. தவக்காலம் வந்தால் கல்யாணம் கிடையாது. அதற்குள் இருவரில் ஒருவனைச் சொல்லிவிடுவதாக சபெல் அறிவித்திருந்தாள்.

சனவரியில் ஒரு நாள் ஊராருக்காகத் தளத்தைத் திறந்துவிட்டார்கள். வெயிலில் கண் கூசும்படி வெள்ளி சேபர் ஜெட் ஒன்று நின்றது. எஸ்கொலாஸ்திகோ தாயையும் மகளையும் அதன் முன்னால் கூட்டிவந்தான். மகள் பக்கம் போகப் பார்த்தவனை சபெல் இடித்துக்கொண்டு நடுவில் நின்றாள். நின்றவுடன்தான் உறைத்தது.

“ஐயோ, மூணு பேரு! கோயா அம்போ, நாலாவது ஆளக் கூப்பிடுங்க.”

“படிச்சவன் நான், இதையெல்லாம் நம்பறதில்ல” என்றான் எஸ்கொலாஸ்திகோ.

“நடுவுல நிக்கிறது நீயா, நானா?”

பொன்சியானோ வந்தான். லுதிவினாவுக்கு அந்தப் பக்கம், ஓரத்தில் நின்றான். அம்போ ஒன்று என்றார், இரண்டு என்றார். மூன்று என்பதற்குள் அவன் வாத்து மாதிரி குனிந்து ஜெட்டின் சக்கரத்துக்குப் பின்னால் போய்விட்டான்.

அவன் கணக்கு சுத்தமானது. படத்தைப் பார்த்ததும் சபெலுக்கு உதறல் எடுக்கும். தரித்திரம் பிடித்த படம், அதைவிடத் தரித்திரம் பிடித்த மாப்பிள்ளை என்று டின்களைத் தெருவில் வீசுவாள்.

உதறல் எடுத்தது உண்மை. கழுவிய படத்தை அம்போ கடையில் வைத்ததும் சபெல் சிலுவை போட்டுக்கொண்டாள். “நான்தான் நடுவுல! எங்க அவன்? எங்க போய்த் தொலைஞ்சான்?”

“எனக்கென்னம்மா தெரியும்? நான் கறுப்புத் துணிக்குள்ள இருந்தேன்” என்றார் அம்போ.

எஸ்கொலாஸ்திகோ பதறவில்லை. கத்தரிக்கோல் கேட்டு வாங்கினான். நடுவிலிருந்த சபெலை உச்சந்தலையிலிருந்து கால்வரை நேர்த்தியாக வெட்டி எடுத்து அவள் கையிலேயே கொடுத்தான். மிச்சமிருந்த இரண்டு பாதிகளையும் சேர்த்து ஒட்டினான். விமானி உட்காரும் இடம் சபெலோடு போனதால் ஜெட் மூக்கும் வாலுமாகக் குட்டையாகிவிட்டது. அதன் முன்னே அவனும் லுதிவினாவும் தோளோடு தோள் நின்றார்கள்.

“இப்ப ரெண்டே பேரு. யாருக்கும் ஆபத்தில்ல.”

“படிச்சவன் படிச்சவன்தான்” என்று சபெல் தன் துண்டை ரவிக்கைக்குள் பத்திரப்படுத்தினாள்.

எஸ்கொலாஸ்திகோ ஒட்டிய படத்துக்குச் சட்டம் போட்டான். முடிதிருத்தகத்தில் காட்டினான், பாதிரியாரிடம் காட்டினான். பன்சித் சாப்பிட வருகிறவர்கள் எல்லாம் கல்யாணம் என்றைக்கு என்று கேட்டார்கள். சபெல் மறுக்கவில்லை.

பொன்சியானோ தண்ணீர் எடுக்க வந்தபோது லுதிவினா குழாயடியில் காத்திருந்தாள்.

“யாரு உன்ன ஒதுங்கச் சொன்னது?”

“உங்கம்மாவப் பயமுறுத்தலாம்னு…”

“பயந்தது அம்மா. மாட்டுனது நான். ஊரு உலகத்துல எவன் மூணு பேரா நின்னாலும் ஓடிவந்து நிக்கிற. எனக்குன்னு நிக்க வேண்டிய நேரத்துல சக்கரத்துக்குப் பின்னால போய் உக்காந்துக்கிட்ட!”

“இப்ப என்ன செய்யட்டும்?”

“என்னைக் கேக்காத. போய் நடுவுல நில்லு.”

அவன் வாளியை அங்கேயே வைத்துவிட்டுக் கடைக்குப் போனான். சபெல் பூண்டு வதக்கிக்கொண்டிருந்தாள்.

“தாரா, அன்னைக்கு வேணும்னுதான் ஒதுங்கினேன்.”

கரண்டி பறந்து வந்தது. அவன் குனிந்தான். அதில் நல்ல பழக்கம்.

“என்னக் கொல்லப் பாத்தியாடா, கழிசடை?”

“வெட்டுன துண்ட வச்சிருக்கீங்களா?”

“வச்சிருக்கேன். அதுக்கென்ன?”

“சும்மா கேட்டேன். செத்தவங்க படத்தத்தான் அப்படித் தனியா வெட்டி எடுப்பாங்க.”

அப்படி ஒரு வழக்கம் எந்த ஊரிலும் கிடையாது. அந்த நிமிடத்தில் அவன் வாயில் பிறந்தது. ஆனால் சபெலின் கை நெஞ்சுக்குப் போயிற்று. பூண்டு கருகியது.

“இன்னொரு படம் எடுத்தா எல்லாம் சரியாயிடும் தாரா. நீங்க, லுதிவினா, நான். நடுவுல நானே நிக்கிறேன்.”

ஞாயிறு பூசை முடிந்து அம்போ அவர்களை உள்ளே கூட்டிப்போனார். வாயில்காவலன் தடுக்கவில்லை. அவன் பிள்ளையின் ஞானஸ்நானப் படம் அம்போ எடுத்தது. கழுவுமிடத்தில் டகோட்டா ஒன்று பாதிச் சோப்போடு நின்றது. பொன்சியானோ நேராகப் போய் இரண்டு பெண்களுக்கும் நடுவில் நின்றான். இவ்வளவு படங்களில் முதல் முறையாக அவன் எந்தச் சேட்டையும் செய்யவில்லை. கைகளை எங்கே வைப்பதென்றுதான் தெரியவில்லை.

“அசையாதீங்க” என்றார் அம்போ. “ஒண்ணு…”

“நிறுத்துங்க கோயா!”

சபெல் அவன் காதைப் பிடித்தாள்.

“நீ முதல்ல போயிட்டா என் மகளுக்கு யாரு? இந்த வீட்டுல ஏற்கெனவே ஒரு விதவை இருக்கா. போதும்.”

லுதிவினா மெதுவாகத் திரும்பினாள். “அம்மா, இப்ப நீ என்ன சொன்ன?”

“நான் ஒண்ணும் சொல்லல.”

“விதவையாகணும்னா முதல்ல கல்யாணம் ஆகணுமே?”

அம்போ துணிக்குள்ளிருந்து தலையை நீட்டி, “நானும் கேட்டேன்” என்றார்.

சபெல் பொன்சியானோவை ஓரத்துக்குத் தள்ளினாள். இப்போது லுதிவினா நடுவில். அதுவும் ஆகாது. அவளை இந்தப் பக்கம் இழுத்தாள். நாலாவதாக யாராவது கிடைப்பார்களா என்று சுற்றிலும் பார்த்தாள். கூப்பிட வேண்டியவன் ஏற்கெனவே மூவரில் ஒருவனாக நின்றுகொண்டிருந்தான்.

“போகட்டும், வயசுப்படி பாத்தாலும் முதல்ல போற முறை என்னுதுதான்” என்று பாவாடையை உதறி, இருவருக்கும் நடுவில் தானே போய் நின்றாள். இடது கையால் மகளையும் வலது கையால் அவனையும் இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

“தாரா, வேண்டாம்…”

“தாரான்னா வாயிலயே போடுவேன். இனிமே அம்மான்னு கூப்பிடு. சீக்கிரம் எடுங்க கோயா, சோப்பு என் தலைமேல சொட்டுது.”

அம்போ எடுத்தார். படத்தில் டகோட்டாவின் இறக்கை நுனி மட்டும்தான் விழுந்திருக்கிறது. அதன் கீழே சபெல் திறந்த வாயோடு யாரையோ திட்டிக்கொண்டிருக்கிறாள்.