தொட்டியண்ணனின் முழங்கால்

முழங்கையைத் தண்ணீரில் விட்டு, கண்ணை மூடி நிற்கிறார் தொட்டியண்ணன். கைக்கெட்டும் தூரத்தில் வெப்பமானி தொங்குகிறது. அதை அவர் நம்புவதில்லை. "அது பேட்டரியில ஓடுது. நாளைக்கே செத்துப்போகும்" என்பார். முழங்கை சம்மதம் சொன்னதும் பால்பவுடர் டப்பாவைத் திறந்து, அந்தப் பெரிய வட்டத் தொட்டியில் கொட்டி, நீளக் கட்டையால் கலக்குகிறார். தண்ணீர் வெளுத்ததும், உள்ளே ஓர் ஓரமாக மூழ்கிக் கிடக்கும் சின்ன மேடை மறைந்துவிடுகிறது. இனி அது இருக்கும் இடத்தை எலிதான் நீந்திக் கண்டுபிடிக்க வேண்டும்.

மூளை ஆராய்ச்சிக்கூடத்தில் பத்தொன்பது வருடமாக இதுதான் அவர் உத்தியோகம். எலியைத் தண்ணீரில் விடுவார், அது தட்டுத் தடுமாறி மேடையில் ஏறும், தூக்கித் துவட்டுவார். சுவரில் ஒரு முக்கோணம், ஒரு வட்டம், ஒரு கோடு போட்ட அட்டை. அவற்றைப் பார்த்து இடத்தை மனதில் வைத்துக்கொண்ட எலி, ஐந்தாம் நாள் விட்ட வேகத்தில் நேராக மேடைக்குப் போய்விடும். அப்போது அண்ணனுக்குப் பெருமை தாங்காது. "பாத்தீங்களா என் சிங்கத்த!" என்று கூவுவார். எலிகளின் வாலில் எண் எழுதியிருக்கும். அதை அவர் மதித்ததில்லை. சுவரை உரசியபடியே சுற்றிச் சுற்றி வருவதற்கு 'ரிட்டயர்டு ஜட்ஜ்' என்று பெயர். கைகால் அசைக்காமல் மிதந்து, தூக்கிவிட ஆள் வரட்டும் என்று காத்திருப்பது 'மாப்பிள்ளை'.

யாராவது புதிதாக உள்ளே நுழைந்தால் போச்சு, பாடம் எடுத்துவிடுவார். படித்தது பத்தாம் வகுப்பு, அதுவும் இரண்டு தவணையில். ஆனால் இத்தனை வருடம் இத்தனை மேதைகள் பேசுவதை ஓசியில் கேட்டிருக்கிறார்.

"ஒரு நரம்பு இன்னொரு நரம்புக்குச் சேதி சொல்லணும்னா குளுட்டமேட்டுன்னு ஒண்ண எடுத்து வீசும். அத வாங்கிக்கிற கதவு பேருதான் ரிசெப்டர். அதுல ஒரு தினுசு இருக்கு, ரொம்பத் திமிர் பிடிச்சது. பேங்க் லாக்கர் மாதிரி ரெண்டு சாவி கேக்கும். குளுட்டமேட்டும் வரணும், அதே நேரத்துல வாங்கிக்கிற நரம்பும் முழிச்சிருக்கணும். இல்லேன்னா வாசல்ல மக்னீசியம் அடைச்சுக்கிட்டு நிக்கும், நகராது. ரெண்டும் ஒண்ணா வந்தா மக்னீசியம் விலகும், கால்சியம் உள்ள பாயும். அப்புறம் அந்த எடத்துல சாதாரணக் கதவு இன்னும் நாலு வச்சிருவாங்க. அடுத்த தடவை லேசாத் தட்டினாலே கேக்கும். அவ்வளவுதாங்க ஞாபகம். இதுக்குப் போயி இவங்க தலகாணி தலகாணியா புஸ்தகம் எழுதறாங்க!"

வகுப்பில் புரியாதது தொட்டியோரம் புரிந்தது என்று மாணவர்கள் சொல்வதுண்டு. பேராசிரியர் காதில் விழாமல்தான் சொல்வார்கள்.

அந்தத் திமிர் பிடித்த ரிசெப்டரால்தான் இந்த வருடக் கூத்து. அதை அடைக்கும் மருந்தைக் கொடுத்தால், எலியால் புது இடத்தை ஞாபகம் வைக்க முடியாது. துறையில் எல்லோரும் ஒப்புக்கொண்ட விஷயம் அது. ஆனால் இந்தத் தொட்டியில் மருந்து போட்ட எலிகளும் ஐந்தாம் நாள் ஜம்மென்று மேடையில் ஏறின. ஆராய்ச்சி செய்யும் பெண்ணுக்கு இன்னும் பட்டம் கைக்கு வரவில்லை என்பதால் அண்ணன் அவளை 'அரை டாக்டர்' என்றுதான் கூப்பிடுவார். அவள் நம்பாமல் மூன்று முறை திருப்பிச் செய்தாள். மூன்று முறையும் ஏறின. பேராசிரியருக்குத் தலைகால் புரியவில்லை. ரிசெப்டர் இல்லாமலே ஞாபகம்! கட்டுரை தயாரானது. அதை எழுதியவர்கள் பட்டியலில் நான்காவதாக அண்ணன் பெயரும் ஏறியது.

தன் பெயரை அவர் அச்சில் பார்த்தது கல்யாணப் பத்திரிகையில் மட்டும்தான். பட்டியலின் பிரதி ஒன்றை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மனைவியின் அண்ணன் ஏதோ கம்பெனியில் மேனேஜர். இந்த மச்சான் பத்தொன்பது வருடமாக அவரை 'எலி குளிப்பாட்டி' என்றே அழைப்பவர். அவரைச் சாப்பிடக் கூப்பிட்டு, கை கழுவுவதற்கு முன்பே காகிதத்தை நீட்டினார் அண்ணன். மச்சான் இரண்டு தடவை படித்தார். பிறகு சாப்பிட்டு முடித்து ஏப்பம் விட்டது தவிர வாயே திறக்கவில்லை. அந்த மௌனத்தை அண்ணன் ஒரு வாரம் அசைபோட்டார்.

அப்புறம் கடைவாய்ப்பல் பிடுங்க இரண்டு நாள் லீவு போட்டார். திரும்பி வந்தபோது அரை டாக்டரின் முகம் தொங்கிக் கிடந்தது.

"அண்ணே, நீங்க இல்லாதப்ப நான்தான் தள்ளி நின்னு தொட்டியப் பாத்துக்கிட்டேன். மருந்து போட்ட எலி ஒண்ணுகூட மேடைக்குப் போகல. மத்ததெல்லாம் ஒழுங்காப் போகுது. எனக்குக் கைராசி இல்ல போல."

"புது ஆளைப் பாத்து மிரண்டிருக்கும். அந்த ரெண்டு நாளைக் கணக்குல சேக்காத" என்று பேராசிரியர் பெருந்தன்மையாகத் தீர்ப்புச் சொன்னார்.

வீட்டில் மனைவி யாருடைய பேன்ட்டையோ பிரித்து இடுப்பளவைக் கூட்டிக்கொண்டிருந்தாள். தையல் அவள் தொழில். விஷயத்தைக் கேட்டுவிட்டு நூலைப் பல்லால் கடித்தாள். "அப்ப உங்க மூஞ்சியப் பாத்துத்தான் வருதோ என்னவோ. இந்தத் தொப்பையோட நின்னா அடுத்த தெருவுக்கே தெரியுமே."

சொல்லிவிட்டு அவள்தான் சிரித்தாள். அண்ணன் குனிந்து தன் தொப்பையைப் பார்த்தார்.

விதிப்படி அவர் எலியின் கண்ணில் படாமல் திரைக்குப் பின்னால் நிற்க வேண்டும். திரை துவைக்கப் போய் ஒரு வருடமாகிறது, வரவில்லை. போதாததற்கு வலது முழங்கால் மக்கர் பண்ண ஆரம்பித்தது. எலியைத் தூக்கத் தொட்டியைச் சுற்றி நடப்பானேன் என்று, மேடைக்கு நேர் பின்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். மருந்து போட்ட எலிகள் முக்கோணத்தையும் பார்க்கவில்லை, வட்டத்தையும் பார்க்கவில்லை. அவரைப் பார்த்து நீந்தின. இடத்தை நினைவில் வைத்து வருவது வேறு, கண்ணுக்கு எதிரே உட்கார்ந்திருக்கும் ஆளை நோக்கி வருவது வேறு. இரண்டாவதற்கு அந்த ரிசெப்டர் தேவையே இல்லை. பேராசிரியரின் மகத்தான கண்டுபிடிப்பு ஒரு மூட்டுவலி.

மூன்று நாள் அவருக்குச் சோறு இறங்கவில்லை. பல் பிடுங்கிய வலி என்று எல்லோரும் நினைத்தார்கள். சொன்னால் அச்சில் வரவிருக்கும் பெயர் போகும், மச்சானின் வாய் மறுபடி திறக்கும். அரை டாக்டரின் ஒரு வருட உழைப்பும் தண்ணீரோடு போகும். சொல்லாவிட்டால் கட்டுரை வெளியாகும், எங்கேயாவது ஒருத்தன் ஒழுங்காகத் திரை கட்டிச் செய்துபார்ப்பான், பழி அந்தப் பெண் தலையில் விழும். அவளைப் பொய்க்காரி என்று நாலு பேர் சொல்வதை நினைத்தபோது அவருக்கு அழுகையே வந்தது. பேராசிரியர் அறைக்கு இரண்டு தடவை போனார். முதல் தடவை, "டீ வேணுமா சார்?" என்று கேட்டுவிட்டுத் திரும்பினார். இரண்டாம் தடவை பேராசிரியரே, "என்ன, பல்லு பரவாயில்லையா?" என்றார். "வாயத் திறக்க முடியல சார்" என்று உண்மையைச் சொல்லிவிட்டு வந்தார்.

நான்காம் நாள், கட்டுரையை அனுப்புவதற்கு முன் சோதனையை நேரில் பார்க்க வெளியிலிருந்து இரண்டு நிபுணர்கள் வந்தார்கள். பேராசிரியர் கோட்டு போட்டிருந்தார். அரை டாக்டர் ஸ்டாப்வாட்ச்சோடு நின்றாள்.

"இது மருந்து போட்ட எலி. பாருங்க, நேரா அந்த ஸ்டூல் பக்கம் போகும். மேடை அங்கதான் இருக்கு" என்றார் பேராசிரியர்.

அண்ணன் எலியைத் தண்ணீரில் விட்டார். ஆனால் ஸ்டூலுக்குப் போகவில்லை. காலை இழுத்து இழுத்துத் தொட்டியின் எதிர்ப்பக்கம் போனார்.

"அண்ணே, அங்க எங்க போறீங்க?"

அவர் அங்கேயே நின்றுகொண்டார். எலி கொஞ்சம் தயங்கியது. பிறகு மேடைக்கு முதுகைக் காட்டிவிட்டு அவரை நோக்கி நீந்தியது. அவருக்கு நேர் முன்னால், ஒன்றுமே இல்லாத தண்ணீரில், குறுக்கும் நெடுக்குமாகத் தேடியது.

"வேற எலிய எடுத்துட்டாரா? எண்ணைப் பாரும்மா" என்றார் பேராசிரியர்.

அரை டாக்டர் எண்ணைப் பார்க்கவில்லை. அண்ணனைப் பார்த்தாள், காலியாக இருந்த ஸ்டூலைப் பார்த்தாள், மறுபடி அண்ணனைப் பார்த்தாள். அவள் முகம் வெளிறியது. ஸ்டாப்வாட்ச் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

அண்ணனால் அவள் கண்ணைச் சந்திக்க முடியவில்லை. தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு இன்னும் கால் சுற்று நடந்தார். எலியும் திரும்பியது.