வேடியப்பன் கதவைத் திறக்கவில்லை

ஆரணிக்கு மேற்கே அந்த ஊரில் ஆடித் திருவிழா என்றால் பகல் கூத்துதான். வெள்ளைக்காரக் கும்பினிப் படையை எதிர்த்து, ஊர்ச்சனம் வேலும் கவண்கல்லுமாக மண்கோட்டைக்குள் நின்று சண்டை போட்ட கதை. காவல்காரன் உள்ளேயிருந்து தாழ்ப்பாளை இழுத்துவிடுவான். துரை நுழைந்து படைத்தலைவனைச் சுடுவான். பெண்கள் காவல்காரனைத் துடைப்பத்தால் மொத்துவார்கள். அதற்குப் பிறகுதான் அம்மன் ஊர்வலம் கிளம்பும். தலைவன் வேடம் பட்டுக்கடை கமலக்கண்ணன் வீட்டுச் சொத்து. காவல்காரன் வேடம் வேடியப்பன் வீட்டுத் தலையெழுத்து. அவரவர் பாட்டன் செய்ததை அவரவர் ஆடவேண்டுமாம். யார் போய்ப் பார்த்தது? காணி நிலம் இல்லாதவன் தலையில் எதையும் கட்டலாம், கேட்க நாதி கிடையாது.

விசைத்தறியில் கூலிக்கு ஓட்டுகிற வேடியப்பன், அப்பனுக்குப் பின் வேடம் கட்டி அடி வாங்கினான். சாமி காரியம் என்று பொறுத்துக்கொண்டான். இந்தப் பங்குனியில் அவன் மகள் மதிவதனியைப் பெண் பார்க்கப் பெரணமல்லூரிலிருந்து வந்தவர்கள், திரும்பும் வழியில் கமலக்கண்ணன் கடையில் ஏறினார்கள். "காட்டிக் குடுத்த வம்சம்ங்க, பாத்து செய்ங்க" என்று அவன் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறான். சம்பந்தம் அன்றோடு முறிந்தது. மதிவதனி வெளியே தலைகாட்டுவதையே நிறுத்திவிட்டாள். போய்க் கேட்டதற்கு, "அட, தமாஷுக்கு சொன்னேன்டா. இத்தப் போயி பெரிசு பண்ணிகினு" என்றான் அந்தப் பாவி. வேடியப்பன் விறுவிறுவென்று வீடு திரும்பினான். ஊர் நடுவில் அவனைத் தலைகுனிய வைக்காமல் விடமாட்டேன் என்று மனைவி கற்பகத்திடம் சொன்னான்.

ஆடியும் வந்தது. பந்தலில் மரக்கதவு நட்டிருந்தார்கள். உள்ளே கமலக்கண்ணன், ஜரிகைத் தலைப்பாகையும் கத்தியுமாக. வெளியே சிவப்புக் கோட்டில் துரையாக அருள்தாஸ். மேளம் நின்றது. தாழ்ப்பாளை இழுக்கவேண்டிய நேரத்தில், வேடியப்பன் கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துவிட்டான்.

"அண்ணே, தொறங்க. வெயிலு மண்டைய பொளக்குது" என்றான் அருள்தாஸ் வெளியிலிருந்து.

"போ துரை! இங்க எவனும் காட்டிக் குடுக்க மாட்டான்" என்று வேடியப்பன் கத்தினான். சனம் விசிலடித்தது.

கமலக்கண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தான். "இன்னாடா பேஜார் பண்ற? ஜல்தி தொற. நான் செத்தாதான அம்மன் கெளம்பும்?"

"இன்னா மொதலாளி அவசரம்? வெளிய நிக்கறது வெள்ளக்காரன்."

"தொறடா! துரைய உள்ள வுடுடா!"

சட்டையில் மைக் மாட்டியிருந்ததை மறந்துபோனான். தெருக்கோடி வரை ஒலிபெருக்கி அலறியது. சனம் கொல்லென்று சிரித்தது. கமலக்கண்ணனுக்கு ரோஷம் தலைக்கேறியது. வேடியப்பனைப் பிடித்து அந்தப் பக்கம் தள்ளிவிட்டு, தன் கையாலேயே தாழ்ப்பாளை இழுத்தான்.

கதவு திறந்தது. அருள்தாஸ் உள்ளே வருவதா வேண்டாமா என்று விழித்தான். சிரிப்பெல்லாம் அடங்கிப்போனது.

வேடியப்பன் புழுதியைத் தட்டிக்கொண்டு எழுந்தான். அவனுக்கு மனசு குளுகுளுவென்று இருந்தது. கமலக்கண்ணன் சட்டையிலிருந்த மைக்கைப் பிடித்து இழுத்து அதில் வாயை வைத்தான்.

"எல்லாரும் பாத்துக்கினீங்களா? பெரணமல்லூருக்கும் சொல்லி அனுப்புங்க, கதவ தொறந்தது எந்த வம்சம்னு."